கடலூர், புதுச்சேரியில் இருந்துகொண்டே கோட்பாட்டு இயற்பியல் படிப்பது எப்படி? பி.எஸ்சி. மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கருந்துளை, குவாண்டம், சார்பியல் என்று யூடியூபில் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் செமஸ்டரில் கையில் கிடைப்பது யங் குணகம், முறுக்கு ஊசல், ரெக்கார்டு நோட்டு, அப்புறம் பத்து மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய நாலு பக்க வருவித்தல். நாம் படிக்க வந்தது இதுதானா என்ற கேள்வி பலருக்கும் அங்கேதான் வருகிறது, பாதிப் பேர் அங்கேயே மனதளவில் விலகிவிடுகிறார்கள். விலக வேண்டாம். நம் பக்கத்துக் கல்லூரிகளில் கோட்பாட்டு இயற்பியல் என்று தனிப் பட்டம் கிடையாது. சாதாரண பி.எஸ்சி. இயற்பியலை அடித்தளமாக வைத்துக்கொண்டு அதன்மேல் நாமாகத்தான் கட்ட வேண்டும். மூன்று வருடம் அதற்குப் போதும், ஆனால் முதல் வருடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

கோட்பாட்டு இயற்பியல் என்றால் என்ன வேலை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கையில் சில அடிப்படை விதிகள் இருக்கும். அவற்றிலிருந்து கணக்குப் போட்டு, இயற்கை இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று ஒரு எண்ணோடு சொல்ல வேண்டும், அந்த எண்ணை யாராவது அளந்து பார்த்துச் சரி, தப்பு சொல்ல முடியவேண்டும். அவ்வளவுதான். கருந்துளையைப் பற்றிய வீடியோ பத்து மணி நேரம் பார்த்தாலும் இந்த வேலையில் ஒரு அடிகூட நகர்ந்திருக்க மாட்டோம். இது கையால் படிக்கிற பாடம். வெற்றுத்தாளில் நீங்களே எழுதி முடித்த கணக்குகள் மட்டும்தான் உங்களுடையவை.

சேருவதற்கு முன்

இன்னும் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு ரெண்டு வார்த்தை. சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் இருக்கிறது, கோட்பாட்டுப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அது மிக நல்ல இடம், தனி நுழைவுத் தேர்வு உண்டு. மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களுக்கும், அதேபோல் புவனேஸ்வரத்தில் இருக்கும் நைசருக்கும் தனித்தனித் தேர்வு. எழுதிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் உள்ளூர்க் கல்லூரியில் சேருவதில் எந்தத் தாழ்வும் இல்லை. பொதுத்தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை என்று மத்திய அரசின் திட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு 80,000 ரூபாய். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்தந்த வருட அறிவிப்பைத் தேடிப் படியுங்கள்.

முதல் வருடம்: கணக்குதான் முதல் வேலை

கணிதம் உங்களுக்குத் துணைப்பாடமாக வரும். அதைப் பாஸானால் போதும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். கோட்பாட்டுக்குப் போகிறவருக்கு முதல் வருடத்தில் அதைவிட முக்கியமான தாள் வேறு இல்லை. வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் தயங்காமல் ஓட வேண்டும். டெய்லர் தொடர், சிக்கலெண்கள், திசையன் நுண்கணிதம், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகளும் ஐகன் மதிப்புகளும், இந்த வரிசையில் முதல் இரண்டு செமஸ்டருக்குள் முடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் புத்தகம் வேண்டுமென்றால் மேரி போவாஸ் எழுதிய கணித முறைகள் புத்தகம். அதில் இருக்கும் எல்லாக் கணக்கையும் போட வேண்டியதில்லை, ஒவ்வொரு பகுதியிலும் பத்து போட்டால் போதும், ஆனால் அந்தப் பத்தையும் விடையைப் பார்க்காமல் போட வேண்டும்.

கணக்குப் போடுவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளியில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. பாடத்தை ஒருமுறை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாள் எடுத்து அதே வருவித்தலை முதலிலிருந்து எழுதுங்கள். எங்கே நின்றுபோகிறீர்களோ அந்த இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம், அந்த ஒரு வரிக்காக மட்டும் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். முடிவு வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: அலகு சரியா? ஏதாவது ஒன்றை பூஜ்யமாக்கினால், அல்லது மிகப் பெரிதாக்கினால், விடை நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயமாக மாறுகிறதா? எண்களைப் போட்டால் நம்பும்படியான அளவு வருகிறதா? இந்த மூன்றையும் கேட்காமல் ஒரு கணக்கை முடித்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இயக்கவியலுக்குக் கல்லூரிப் புத்தகத்தோடு கிளெப்னர், கோலென்கோ எழுதியதை வைத்துக்கொள்ளுங்கள். கணக்குகள் கடினம், ஒரே கணக்கில் ரெண்டு மூன்று நாள் மாட்டிக்கொள்வது சகஜம். ஃபெய்ன்மனின் விரிவுரைகள் கால்டெக் தளத்தில் முழுவதும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. சிந்தனைக்கு அதைப் படியுங்கள், பயிற்சிக்கு வேறு புத்தகம் வேண்டும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். இயற்பியல் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான். ஒரு சின்ன நோட்டில் வரவர எழுதிக்கொண்டே போனால் ஒரு செமஸ்டருக்குள் வாசிப்பு ஓடத் தொடங்கிவிடும். யோசிப்பதைத் தமிழிலேயே யோசியுங்கள், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

ஒரு கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம்

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் சோனங்குப்பத்திலும் என்ன நடந்தது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இப்போது கல்லூரியில் இருக்கும் உங்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சுமத்ரா பக்கம் கடலடி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6:29. அலை எத்தனை மணிக்கு இங்கே வந்திருக்க வேண்டும்? முதல் வருட மாணவர் ஒருவரால் இதைத் தாளில் போட முடியும்.

அலையின் வேகம் எதையெல்லாம் சார்ந்திருக்கலாம் என்று எழுதுங்கள்: புவியீர்ப்பு முடுக்கம், கடலின் ஆழம், நீரின் அடர்த்தி, அலைநீளம். அடர்த்தியில் நிறை இருக்கிறது, மற்ற மூன்றிலும் நிறை இல்லை, அதனால் அதை அடித்துக் கழிக்க வழியில்லை, அடர்த்தி வெளியே போய்விடும். அலைநீளம் நூறு கிலோமீட்டருக்கும் மேல், கடலின் ஆழமோ மூன்று கிலோமீட்டர் சொச்சம். ஆழத்தோடு ஒப்பிட்டால் அலை அவ்வளவு நீளமாக இருக்கும்போது அதன் சரியான நீளம் வேகத்தைப் பாதிக்காது என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த முடிவை அலகு பார்த்து எடுக்க முடியாது, இயற்பியல் தெரிந்து எடுக்க வேண்டும், கோட்பாட்டுக்காரரின் திறமை தெரிவது இந்த மாதிரி இடத்தில்தான். மீதி இருப்பது முடுக்கமும் ஆழமும். இரண்டையும் பெருக்கினால் வேகத்தின் வர்க்கத்துக்கு உரிய அலகு வருகிறது, ஆக வேகம் அந்தப் பெருக்கலின் வர்க்கமூலம். முன்னால் ஒரு மாறிலி இருக்கலாம், இந்த முறை அதைச் சொல்லாது. அது ஒன்று என்பதை இரண்டாம் வருடத்தில் நீங்களே வருவிப்பீர்கள்.

இனி எண்கள். 9.8-ஐ 3000 மீட்டரால் பெருக்கினால் 29,400, அதன் வர்க்கமூலம் நொடிக்கு 171 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 617 கிலோமீட்டர். நிலநடுக்கம் பரவிய பகுதிக்கும் கடலூருக்கும் இடையே ஏறத்தாழ 1400 கிலோமீட்டர் என்று வைத்தால் பயண நேரம் ரெண்டே கால் மணி. 6:29-உடன் கூட்டினால் எட்டே முக்கால். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அலை எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இதோடு நிறுத்தாதீர்கள். கரைக்குப் பக்கத்தில் ஆழம் 10 மீட்டர் என்றால் அதே சூத்திரம் நொடிக்கு 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தருகிறது. அலையின் முன்பகுதி வேகம் குறைகிறது, பின்பகுதி இன்னும் வேகமாக வருகிறது, ஆற்றல் போக வேறு இடமில்லை, அதனால் அலை உயர்கிறது. உயரம் ஆழங்களின் விகிதத்துக்கு நான்காம் மூலமாகக் கூடும் என்று ஆற்றல் அழிவின்மையிலிருந்து காட்டலாம். 300-இன் நான்காம் மூலம் 4.2. நடுக்கடலில் அரை மீட்டர் இருந்த அலை இங்கே ரெண்டு மீட்டருக்கு மேல். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு அது தெரியாமலே கடந்துபோனதும் இதனால்தான்.

இரண்டே கால் மணி நேரம் இருந்தது. அன்றைக்கு நம் கரைக்குச் சொல்ல யாரும் இல்லை. 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது, அங்கே அலை வந்துசேரும் நேரத்தைக் கணிப்பதற்கு அடிப்படை இதே வர்க்கமூலம்தான். கோட்பாடு படித்து யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது.

இரண்டாம் வருடம்

மின்காந்தவியல், லெக்ராஞ்சியன் இயக்கவியல், வெப்ப இயக்கவியல், ஃபூரியர் முறைகள். மின்காந்தவியலுக்கு கிரிஃபித்ஸ் புத்தகத்தை மாக்ஸ்வெல் சமன்பாடுகள் வரை கணக்கோடு முடியுங்கள், அதற்கு ஒரு வருடம் ஆகும், பரவாயில்லை. லெக்ராஞ்சியன், அதாவது விசைக்குப் பதில் ஆற்றலை வைத்து இயக்கத்தைக் கணக்கிடும் முறை, பல பாடத்திட்டங்களில் தாமதமாகத்தான் வரும், காத்திருக்க வேண்டாம். ஊசல், இரட்டை ஊசல், சுழலும் வளையத்தில் ஓடும் மணி, இந்த மூன்றையும் நியூட்டன் முறையிலும் லெக்ராஞ்சியன் முறையிலும் போட்டுப் பாருங்கள். எதற்காக அப்படியொரு முறையைக் கண்டுபிடித்தார்கள் என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

வீடியோ பார்க்க வேண்டுமென்றால் ஐ.ஐ.டி. வகுப்புகளை இலவசமாகத் தரும் என்.பி.டி.இ.எல். தளத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் வி. பாலகிருஷ்ணன் எடுத்த விரிவுரைகளைப் பாருங்கள். அவருடைய கிளாசிக்கல் இயற்பியலும் குவாண்டம் இயக்கவியலும் உலகத்தரம், இலவசம். பேனாவும் நோட்டும் இல்லாமல் உட்காராதீர்கள், நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

இந்த வருடத்தில் பைத்தானும் பழகிவிடுங்கள். மடிக்கணினி இல்லாவிட்டாலும் கூகுள் கோலாபில் கைப்பேசியிலேயே நிரல் எழுதலாம். முதல் பயிற்சியாக மேலே போட்ட சுனாமிக் கணக்கையே எடுங்கள்: 3000 மீட்டர் என்று ஒரே ஆழம் வைக்காமல் பாதையை நூறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் ஆழத்தை வைத்து நேரம் கண்டு கூட்டுங்கள். அடுத்து ஊசல். 60 டிகிரியிலிருந்து விட்டால் பாடப்புத்தகச் சூத்திரம் தரும் அலைவு நேரத்தைவிட ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல் அதிகம் வரும். உங்கள் நிரலில் அது வருகிறதா என்று பாருங்கள், பிறகு கல்லூரி ஆய்வகத்தில் நிஜ ஊசலை வைத்து அளந்தும் பாருங்கள். ஆய்வகத்தை வெறுக்கிற கோட்பாட்டு மாணவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பிழை என்றால் என்ன, ஒரு எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை வேறெங்கும் கற்றுக்கொள்ள முடியாது.

மூன்றாம் வருடம்

குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல், சிறப்புச் சார்பியல். முதல் வருடத்தில் படித்த அணிகளும் ஐகன் மதிப்புகளும் ஒழுங்காக இருந்தால் குவாண்டம் பாதி வேலை முடிந்த மாதிரி. பெட்டிக்குள் துகள், அலையியற்றி (ஸ்பிரிங் போல முன்னும் பின்னும் ஆடும் அமைப்பு), ஹைட்ரஜன் அணு, துகளின் சுழற்சி (ஸ்பின்), இவற்றை மனப்பாடம் இல்லாமல் முழுதாக எழுத வந்துவிட்டால் பி.எஸ்சி. அளவுக்கு அதுவே பெரிய விஷயம். பலர் இழைக் கோட்பாடு, குவாண்டம் ஈர்ப்பு என்று நேராகத் தாவுகிறார்கள். தாவாதீர்கள், அங்கே போவதற்கான வழி இந்த அலையியற்றி வழியாகத்தான் போகிறது. அலைகளையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்: சில்வர் பீச்சில் உடையும் சின்ன அலையையும் சுனாமியையும் ஒரே சூத்திரத்துக்குள் கொண்டுவரும் உறவு ஒன்று இருக்கிறது, இப்போது அதை உங்களால் வருவிக்க முடியும்.

பாடத்திட்டம் பழசாக இருக்கிறது என்று புலம்புவதில் நேரம் போக்க வேண்டாம். 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, அவருடைய புத்தகத்தைத் தானாகவே படித்திருந்த மாநிலக் கல்லூரி மாணவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் அவரைப் போய்ப் பார்த்தார். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சொல்லி, இன்னும் அச்சேறாத தன் கட்டுரையின் படியை சோமர்ஃபெல்ட் கொடுத்தார். சந்திரசேகர் அதைப் படித்துப் புதிய குவாண்டம் புள்ளியியலைக் கற்றுக்கொண்டு, 1929-இல் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். அவர் அப்போதும் இளநிலை மாணவர்தான். உங்களுக்கு இன்று சோமர்ஃபெல்ட் வர வேண்டியதில்லை, ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன.

மதிப்பெண்

பல்கலைக்கழகத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினால்தான் மதிப்பெண், உண்மைதான். அதற்கு ஒவ்வொரு செமஸ்டரிலும் கடைசி மூன்று வாரம் ஒதுக்குங்கள், பழைய வினாத்தாள்களைப் பாருங்கள், வேண்டியதை எழுதிவிட்டு வாருங்கள். அலட்சியம் மட்டும் கூடாது. மேற்படிப்புக்குப் பல நிறுவனங்கள் 55 அல்லது 60 சதவீதம் என்று கீழ்வரம்பு வைத்திருக்கின்றன, அரியர் இருந்தால் நேர்முகத்தில் கேட்பார்கள்.

நாலு பேராகச் சேருங்கள்

தனியாகப் படித்தால் தப்பாகப் புரிந்துகொண்டதே தெரியாது. வாரம் ஒருநாள், மூன்று நாலு பேர், ஒருவர் கரும்பலகையில் எழுதி விளக்க மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். காலியான வகுப்பறை போதும், துறைத்தலைவரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். 1950-களின் கடைசியில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னையில் தன் மயிலாப்பூர் வீட்டில் மாணவர்களை வைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கம் நடத்தினார். 1960-இல் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்த மாணவர்களைச் சந்தித்து வியந்தார். 1962 ஜனவரியில் அதிலிருந்துதான் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இன்று தரமணியில் இருக்கும் அந்த நிறுவனம் நம் ஊரிலிருந்து ஒரு பேருந்துப் பயணம்தான், அங்கே நடக்கும் பொதுச் சொற்பொழிவுகளுக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இன்னும் பக்கம், கருத்தரங்கு நடந்தால் துறையில் கேட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்காரலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் விலை அதிகமான புத்தகங்களை நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம்.

கோடை விடுமுறை

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு இரண்டாம் வருடத்தில் விண்ணப்பியுங்கள். ரெண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை, உதவித்தொகை உண்டு. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் என்.ஐ.யு.எஸ். திட்டமும் இளநிலை மாணவர்களுக்கானதுதான். விண்ணப்பத்தில் "சிறுவயதிலிருந்தே எனக்கு விண்வெளி மேல் ஆர்வம்" என்று எழுதாதீர்கள், ஆயிரம் பேர் அதையே எழுதுகிறார்கள். நீங்கள் போட்ட ஒரு கணக்கை, அதில் எங்கே நின்றுபோனீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்று எட்டு வரியில் எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியருக்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் கேட்பார்கள்

"இதைப் படிச்சு என்ன பண்ணப்போற?" நியாயமான கேள்வி, அப்பா அம்மா மேல் கோபப்படாதீர்கள், எண்களோடு பதில் சொல்லுங்கள். எம்.எஸ்சி.யும் முனைவர் பட்டமும் சேர்ந்த ஒருங்கிணைந்த முனைவர் பட்டத்தில் சேர்ந்தால் எம்.எஸ்சி. காலத்திலிருந்தே உதவித்தொகை வரும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி முனைவர் பட்டம் செய்பவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். நிரந்தர ஆராய்ச்சி வேலைகள் குறைவு, போட்டி கடுமை, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கணிதமும் நிரலும் கைவசம் இருப்பவருக்குத் தரவு அறிவியல், மென்பொருள், ஆசிரியப் பணி என்று வழிகள் திறந்தேதான் இருக்கின்றன. மகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடாக இருந்தால், விடுதி எங்கே, யார் பொறுப்பு என்ற விவரங்களோடு பேசுங்கள், முடிந்தால் அங்கே படிக்கும் ஒரு அக்காவோடு அம்மாவைப் பேசவையுங்கள்.

அடுத்த கட்டம்

மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே நுழைவுத் தேர்வுகளுக்கு உட்கார வேண்டும். ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு ஜாம், வழக்கமாக பிப்ரவரியில் வரும், மூன்று மணி நேரம், 60 வினா, 100 மதிப்பெண். தரமணி நிறுவனத்தின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டத்துக்கு ஜெஸ்ட். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தனித்தேர்வு. புதுவைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட். முதலில் ஜாம் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போடுங்கள், அது நடுவில் நிற்கும் தேர்வு, ஜெஸ்ட் அதைவிடச் சற்றுக் கூடுதலாக யோசிக்கவைக்கும். முதல் முறை கிடைக்காவிட்டால் உள்ளூரில் எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டு மறுபடி எழுதலாம், பலர் அப்படித்தான் போயிருக்கிறார்கள்.

நேர்முகத்தில் பெரும்பாலும் கரும்பலகைப் பக்கம் அனுப்பி ஒரு கணக்குக் கொடுப்பார்கள், அதுவும் மிகச் சாதாரணமான கணக்கு: ஸ்பிரிங், ஊசல், சாய்தளம். பிடித்த பாடம் எது என்று கேட்டால் உண்மையிலேயே கணக்குப் போட்ட பாடத்தைச் சொல்லுங்கள், ஏனென்றால் அடுத்த அரை மணி நேரம் அதிலிருந்துதான் கேள்வி வரும். சூத்திரம் நினைவுக்கு வராவிட்டால் நிற்காதீர்கள், எந்தெந்த அளவுகள் வரலாம் என்று பலகையில் எழுதி, அலகு பார்த்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். எதிரே இருப்பவர்கள் பார்ப்பது அதைத்தான், தேவைப்படும் இடத்தில் அவர்களே ஒரு குறிப்புத் தருவார்கள். தமிழ் கலந்து பேசிவிட்டாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாக்பீஸை எடுத்ததும் முதலில் படம் வரையுங்கள்.